25 பென் டிரைவும் அவற்றோடு போன மூலநிரலும்

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் இலவசக் கணினி வகுப்பு நடக்கிறது. நடத்துவது நாங்கள் மூன்று பேர். வகுப்பை முடித்துப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு 16 ஜிபி பென் டிரைவ் கொடுத்து அனுப்புவோம். டிரைவின் விலையை மட்டும் வாங்கிக்கொள்வோம், வேறு கட்டணம் கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் கணினியில் நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள்: ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ், வீடியோ பார்க்க விஎல்சி, படம் திருத்த கிம்ப், கோப்புகளைச் சுருக்க 7-ஸிப், எழுத்துக் கோப்புகளைத் திருத்த நோட்பேட்++, வீடியோவைச் சுருக்க எஃப்எஃப்எம்பெக், கூடவே நாங்களே எழுதிய ஒரு சின்னக் கருவி. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் பிரௌசிங் சென்டரிலோ சித்தப்பா வீட்டிலோ செருகிக்கொண்டு வேலையைத் தொடரலாம். நான்கு வருடமாக இப்படியே கொடுத்து வந்தோம்.

போன முறை டிரைவ்களுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்பேட்++ ஃபோல்டரில் இருந்த லைசென்ஸ் கோப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணா, இதைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறவங்க, வாங்குறவங்களுக்கு சோர்ஸ் கோடும் கிடைக்கிற மாதிரி பார்த்துக்கணும்னு போட்டிருக்கு. அது எந்த ஃபோல்டர்ல இருக்கு?”

சோர்ஸ் கோடு, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரல், எந்த ஃபோல்டரிலும் இல்லை. “நெட்ல கிடைக்கும்மா” என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. இரவு, நோட்பேட்++ உட்படப் பல கட்டற்ற மென்பொருள்கள் வெளியாகும் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். அன்று பிரதி எடுத்து முடித்திருந்த ஆறு டிரைவ்களையும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு மூன்று வாரம் நடந்த வேலைதான் இந்தப் பதிவு.

முதலில் நண்பர்களோடு ஒரு விவாதத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. “நாம ஒரு வரிகூட மாத்தலையே. அவங்க கொடுத்ததை அப்படியே தர்றோம். சோர்ஸ் வேணும்னா அவங்க தளத்துல போய் எடுத்துக்கட்டும்” என்றார் ஒருவர். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உரிமம் சொல்வது அதுவல்ல. மாற்றினாயா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி, கொடுத்தாயா என்பதே முதல் கேள்வி. யார் கையிலிருந்து மென்பொருள் போகிறதோ அவரே விநியோகிப்பவர், கடமையும் அவருடையதே. 2006இல் மெபிஸ் என்ற சிறிய லினக்ஸ் விநியோகத்துக்கு இதே கேள்வி வந்தது. டெபியன், உபுண்டு என்ற பெரிய லினக்ஸ் விநியோகங்களிலிருந்து மாற்றமில்லாமல் எடுத்த தொகுப்புகளுக்கு அவர்கள் தனியாக மூலநிரல் வைக்கவில்லை. மாற்றாமல் கொடுத்தாலும் மூலநிரலைத் தரும் பொறுப்பு உங்களுடையதே என்று, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அவர்களுக்குச் சொன்னது.

சரி, ஒரு இணைய முகவரியை எழுதி வைத்துவிட்டால் போதாதா? இந்த இடத்தில்தான் பென் டிரைவ் என்பதே விஷயமாகிறது. இணையத்தில் பதிவிறக்கமாகக் கொடுத்தால், மூலநிரல் வேறொரு சர்வரில் இருக்கலாம் என்று ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பான ஜிபிஎல் 3 அனுமதிக்கிறது. அது அங்கே தொடர்ந்து கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. கையில் எடுத்துக் கொடுக்கும் பொருளுக்கு அந்த வழி கிடையாது. மூலநிரலைக் கூடவே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது மூன்று வருடம் செல்லுபடியாகும் எழுத்துபூர்வ வாக்குறுதியைக் கொடுக்க வேண்டும். 2007இல் மியூனிக் நீதிமன்றத்தில் லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்ட்டே ஸ்கைப் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு ஏறக்குறைய இதைப் பற்றியதே. லினக்ஸ் ஓடும் ஒரு இணையத் தொலைபேசியை அவர்கள் விற்றார்கள். மூலநிரலுக்கு ஒரு தாளில் இணைய முகவரியை மட்டும் கொடுத்தார்கள். ஜிபிஎல் 2-ன்படி அது போதாது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டை 2008இல் ஸ்கைப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது.

எங்கள் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. அதற்காக இதைச் செய்யவில்லை. நான்கு வருடமாக “இது கட்டற்ற மென்பொருள், இதைத் திறந்து பார்க்கும் உரிமை உனக்கு உண்டு” என்று பாடம் எடுத்துவிட்டு, அதற்கான சாவியைக் கொடுக்காமல் பூட்டை மட்டும் கையில் வைத்து அனுப்பியிருக்கிறோம். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மூன்று வருட வாக்குறுதி எங்களுக்குச் சரிவராது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அந்த வாக்குறுதி மாணவருக்கு மட்டும் அல்ல. ஜிபிஎல் 2-ன்படி யார் வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு அலுவலகம் இல்லை. மூவரில் ஒருவர் அடுத்த வருடம் வேலைக்காக ஊர் மாறினால் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்ணே பொய்யாகிவிடும். மூலநிரலை டிரைவிலேயே போட்டுவிட்டால் அந்தக் கணத்தோடு கடமை முடிகிறது. டிரைவில் இடமும் இருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் டிரைவை ஒரு கணினியில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் அட்டவணை போட்டோம். மென்பொருளின் பெயர், துல்லியமான பதிப்பு எண், உரிமம், எங்கிருந்து எடுத்தோம், மூலநிரல் எங்கே. போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற தளத்தின் வடிவில் வரும் தொகுப்புகளில் ஒரு நல்ல வசதி உண்டு. ஆப் ஃபோல்டருக்குள் ஆப்இன்ஃபோ என்ற ஃபோல்டர், அதில் ஒரு ஐஎன்ஐ கோப்பு. அதன் லைசென்ஸ் பகுதியில், பகிரலாமா, திறமூலமா, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்று தனித்தனி வரிகள் இருக்கும். எங்கள் டிரைவில் யாரோ ஒரு சமயம் சேர்த்து வைத்த குரோம் போர்ட்டபிளும் இருந்தது. அதில் பகிரலாமா என்ற வரிக்கு இல்லை என்று இருந்தது. அந்தத் தொகுப்பு நேரே கூகுளிடமிருந்து பதிவிறக்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. பதிவிறங்கிய பிறகு அதைப் பிரதி எடுத்து ஊருக்குக் கொடுக்கக் கூடாது. நீக்கினோம். இலவசம் என்பது ஒன்று, பிரதி எடுத்துக் கொடுக்கும் உரிமை வேறொன்று. இதை மாணவர்களுக்கும் அன்றே சொன்னோம்.

எஃப்எஃப்எம்பெக் எனக்குப் பெரிய அதிர்ச்சி. யாரோ மூலநிரலிலிருந்து தொகுத்த ஒரு எக்ஸி (நேரே ஓடும் நிரல்) கோப்பை வருடக்கணக்காகக் கொடுத்து வந்திருக்கிறோம். எஃப்எஃப்எம்பெக் அடிப்படையில் எல்ஜிபிஎல், அதாவது ஜிபிஎல்லின் தளர்த்திய வடிவம். சில பகுதிகளைச் சேர்த்துத் தொகுத்தால் ஜிபிஎல் ஆகிவிடும். வேறு சிலவற்றைச் சேர்த்தால் யாருக்குமே கொடுக்க முடியாததாகிவிடும். எது எது சேர்ந்திருக்கிறது என்பதை அந்த நிரலே சொல்லும். கட்டளை வரியில் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் பெரிய எல் எழுத்தும் போட்டால் உரிமத்தைக் காட்டும். போட்டுப் பார்த்தேன். கட்டற்றதல்லாத பகுதிகள் இதில் சேர்ந்திருக்கின்றன, ஆகவே இதைச் சட்டப்படி மறுவிநியோகம் செய்ய முடியாது என்று திரையில் வந்தது. பதிப்பு விவரத்தில் பார்த்தால் நான்-ஃப்ரீ என்ற தேர்வும் எஃப்டிகே-ஏஏசி என்ற ஆடியோ லைப்ரரியும் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு) இருந்தன. ஜிபிஎல் பகுதிகளோடு அந்த லைப்ரரியை ஒரே கோப்பில் சேர்த்து விநியோகிக்க முடியாது. வேறு தொகுப்பைத் தேடலாம் என்றார் நண்பர். நான் வேண்டாம் என்றேன். அதற்கும் இருபது முப்பது லைப்ரரிகளின் மூலநிரலைத் தேட வேண்டும். வகுப்பில் நாங்கள் செய்வது வீடியோவைச் சிறிதாக்குவது ஒன்றே, அதை விஎல்சியின் மாற்றிச் சேமிக்கும் வசதியே செய்துவிடும். எஃப்எஃப்எம்பெக் போயிற்று.

எழுத்துருக்கள் அடுத்து. தமிழ் வகுப்பு என்பதால் ஒரு ஃபோல்டர் நிறைய வைத்திருந்தோம். விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்த லதாவும் அதில் இருந்தது. அது மைக்ரோசாஃப்ட்டின் எழுத்துரு. விண்டோஸோடு வருவதாலேயே பிரதி எடுத்துக் கொடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. பாமினி என்ற பெயரில் இருந்த கோப்பில் உரிமக் குறிப்பு எதுவுமே இல்லை. எழுத்துருக் கோப்புக்குள் பெயர் அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் 0ஆம் எண்ணில் பதிப்புரிமை, 13இல் உரிம விவரம், 14இல் உரிமத்தின் முகவரி இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 13ஆம் இடம் காலியாக இருந்தவை அனைத்தையும் எடுத்துவிட்டோம். அவற்றை உருவாக்கியவர் மனமுவந்து கொடுத்திருக்கக்கூடும், ஆனால் எழுத்தில் இல்லாததை நாம் ஊகித்துக் கொடுக்க முடியாது. மிஞ்சியவை நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை. நான்குமே எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் 1.1. பதிப்புரிமைக் குறிப்பும் உரிமக் கோப்பும் எழுத்துருவோடு சேர்ந்தே போக வேண்டும், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மாற்றாமல் கொடுப்பவருக்கு அவ்வளவே நிபந்தனை. நாங்கள் இத்தனை நாள் டிடிஎஃப் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு உரிமக் கோப்பை “குப்பை” என்று நீக்கி வந்திருக்கிறோம். திரும்பப் பதிவிறக்கி, ஒவ்வொரு எழுத்துருவையும் அதனதன் ஃபோல்டரில் உரிமத்தோடு வைத்தோம்.

ஃபயர்ஃபாக்ஸில் உரிமத்தைவிடப் பெயர்தான் சிக்கல். அதன் மூலநிரலுக்கு, அதை உருவாக்கும் மொஸில்லாவின் பொது உரிமம் 2.0. எக்ஸியாகக் கொடுக்கும்போது மூலநிரல் எங்கே எப்படிக் கிடைக்கும் என்று தெரிவித்தால் போதும் என்கிறது அது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரும் படமும் வணிகச் சின்னங்கள். மொஸில்லா கொடுத்ததை மாற்றாமல், காசு வாங்காமல் கொடுக்கலாம். மாற்றிவிட்டு அதே பெயரில் கொடுக்க அனுமதி வாங்க வேண்டும். இந்தக் காரணத்தாலேயே டெபியன் 2006இலிருந்து 2016 வரை ஐஸ்வீசல் என்ற பெயரில் அதைக் கொடுத்து வந்தது. நாங்கள் எங்கள் வகுப்புப் பக்கத்தை முகப்பாக வைத்து, சில புக்மார்க்குகளையும் சேர்த்திருந்தோம். அதை முழுக்க அழித்துவிட்டு, புதிதாகப் பதிவிறக்கிய தொகுப்பைக் கைபடாமல் வைத்தோம். புக்மார்க் பட்டியல் தனி எச்டிஎம்எல் கோப்பாகப் போகிறது. வேண்டியவர்கள் தாங்களே உள்ளிழுத்துக்கொள்ளலாம்.

அதே வேளையில் டேட்டா ஃபோல்டர்களையும் பார்த்தோம். போர்ட்டபிள் மென்பொருள் அமைப்புகளையெல்லாம் தன் கூடவே வைத்துக்கொள்வதால், மாஸ்டர் டிரைவில் யார் என்ன செய்தாலும் அது 25 பேருக்கும் பிரதியாகிவிடும். விஎல்சியில் நண்பர் கடைசியாகப் பார்த்த வீடியோக்களின் பெயர்கள், லிப்ரெஆபிஸில் என் முழுப் பெயர். இது உரிமம் சார்ந்தது அல்ல. ஆனாலும் பிரதி எடுப்பவர்கள் அனைவரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி விஎல்சி. மூன்று வாரத்தில் ஒரு வாரம் இதற்கே போனது. டிரைவில் இருந்தது 3.0.20. நான் அவசரத்தில் பதிவிறக்கிய மூலநிரல் 3.0.21. அது செல்லாது. கொடுத்த நிரலுக்கு நேர்ப்பொருத்தமான மூலநிரல் வேண்டும். விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் பழைய பதிப்புகளையும் சர்வரில் வைத்திருப்பதால் சரியானது கிடைத்தது. சுருக்கிய கோப்பு சிறியதே, வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. விண்டோஸுக்கான விஎல்சிக்குள் வேறு பல திட்டங்களின் லைப்ரரிகள் கலந்திருக்கின்றன. வீடியோ பிரிப்பவை, ஒலி பிரிப்பவை, சப்டைட்டில் வரைபவை எனப் பல. ஜிபிஎல் கேட்கும் முழுமையான மூலநிரல் என்பது அதில் அடங்கிய எல்லாப் பகுதிகளும், தொகுக்கப் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் சேர்ந்தது.

நல்லவேளை, விஎல்சிக்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். மூலநிரலுக்குள் கான்ட்ரிப் என்று ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு லைப்ரரிக்கும் எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுப்பது, கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் தொகை என்ன, மேலே என்ன ஒட்டுகள் (சிறு திருத்தங்கள்) போடுவது என்று அங்கே எழுதியிருக்கிறது. லினக்ஸ் கணினியில் விண்டோஸ் இலக்குக்கு அமைத்துவிட்டு, மேக் கட்டளையோடு ஃபெட்ச் என்று கொடுத்தால் எல்லாவற்றையும் வரிசையாக இறக்கிக்கொள்கிறது. நூலகத்து இணைய இணைப்பில் இரண்டு நாள் ஓடியது. இரண்டு முகவரிகள் செத்துப்போயிருந்தன. வீடியோலேன் தன் சர்வரிலேயே அந்த லைப்ரரிகளுக்குப் பிரதி வைத்திருக்கிறது, அங்கிருந்து எடுத்து, சரிபார்க்கும் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சேர்த்தேன். இருபது வருடமாக யார் யாரோ எழுதிய லைப்ரரிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டைக் கேட்க நாம் அழுத்தும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

விட்டுப்போகக்கூடிய இன்னொன்று, துவக்கி. போர்ட்டபிள் தொகுப்பில் நாம் இரட்டைச் சொடுக்குவது உண்மையான விஎல்சியை அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் ஒரு சின்ன எக்ஸியை. அது போர்ட்டபிள்ஆப்ஸ் துவக்கி, அதுவும் ஜிபிஎல் 2. அதன் உரிமமும் விவரமும் அதர் ஃபோல்டருக்குள் சோர்ஸ் என்ற இடத்தில் இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த ஃபோல்டரை நீக்கிவிடாதீர்கள். துவக்கியின் மூலநிரலையும் எடுத்துச் சேர்த்தோம்.

லிப்ரெஆபிஸுக்கு மொஸில்லா உரிமம் என்பதால் தகவல் சொன்னாலே போதும் என்று வாதிடலாம். ஆனால் உள்ளே எழுத்துப்பிழை அகராதிகள் உட்பட வேறு உரிமங்களில் வரும் பகுதிகள் நிறைய. எது எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று பிரித்துக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் இறக்குவதே எளிதாக இருந்தது. முதன்மை மூலநிரல், அகராதிகள், உதவிப் பக்கங்கள், மொழிபெயர்ப்புகள் என்று நான்கு தொகுப்புகள், பிறகு அதற்கு வேண்டிய வெளி லைப்ரரிகள். 7-ஸிப்பும் நோட்பேட்++-உம் அரைமணி நேரத்தில் முடிந்தன. 7-ஸிப்பின் உரிமக் கோப்பில் மட்டும் ஒரு வரியைக் கவனியுங்கள்: ரார் கோப்பைப் பிரிக்கும் நிரல்பகுதியைக் கொண்டு ரார் உருவாக்கும் மென்பொருள் செய்யக் கூடாது என்ற தடை உண்டு. கொடுப்பதற்குத் தடையில்லை.

நோட்பேட்++-இல் தமிழ் இடைமுகக் கோப்பில் சில சொற்களை நான் திருத்தியிருந்தேன். மாற்றினால், மாற்றியதையும் மாற்றிய தேதியையும் தெளிவாகக் குறிக்க வேண்டும். கோப்பின் தலையில் இரண்டு வரி எழுதினேன்.

கிம்ப்பில் தோற்றோம். அதன் மூலநிரல் கிடைத்தது. ஆனால் எங்களிடம் இருந்த தொகுப்புக்குள் இருந்த ஜிடிகே, ஜிலிப் முதலிய லைப்ரரிகளின் துல்லியமான பதிப்புகளையும் அவற்றுக்குப் போட்ட ஒட்டுகளையும் எங்களால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறக்குறையப் பொருந்தும் எதையோ போட்டு ஒப்பேற்ற மனம் வரவில்லை. முழு மூலநிரலைத் தர முடியாததைத் தருவதில்லை என்று முடிவு செய்து கிம்ப்பை டிரைவிலிருந்து எடுத்தோம். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிறு, மாணவர்களே கிம்ப் தளத்துக்குப் போய்த் தங்கள் டிரைவில் பதிவிறக்கிக்கொண்டார்கள். அப்போது கொடுப்பவர்கள் கிம்ப் திட்டத்தினர், நாங்கள் அல்ல. ஆளுக்கு ஆள் வரிசையில் நின்று சாயங்காலம் ஆகிவிட்டது. இந்த முடிவில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. அடுத்த முறைக்குள் அந்த லைப்ரரிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கடைசியில் எங்கள் சொந்தக் கருவி. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும். பைத்தான் நிரல்மொழியில் எழுதி, பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் ஒரே எக்ஸியாக்கியது. பின்னால் வேலை செய்வது டெசராக்ட் என்ற எழுத்தறியும் மென்பொருள். எங்கள் கருவிக்கு நாங்கள் எந்த உரிமமும் எழுதி வைக்கவில்லை. உரிமம் எழுதாத நிரல் யாரும் பிரதி எடுக்கக் கூடாத நிரல் என்பதே சட்டத்தின் பொருள். மாணவர்களிடம் “தாராளமாகக் கொடுங்கள்” என்று வாயால் சொல்லி வந்தோம். அதற்கு எழுத்தில் ஒரு மதிப்பும் இல்லை.

பிப்-லைசென்சஸ் என்ற கருவியை ஓட்டினால் எந்தப் பைத்தான் தொகுப்புக்கு என்ன உரிமம் என்று பட்டியல் வருகிறது. பொத்தான்களையும் சாளரத்தையும் வரைய நாங்கள் பயன்படுத்திய பைக்யூட்டி5 ஜிபிஎல் 3 என்று வந்தது. அப்படியானால் எங்கள் கருவியும் ஜிபிஎல்லுக்கு ஒத்துப்போக வேண்டும், பைக்யூட்டியோடு, அதற்கு அடியில் இருக்கும் க்யூட்டியின் பெரிய மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் கருவியில் இருப்பதோ இரண்டே பொத்தான்கள். ஒரு இரவு உட்கார்ந்து பைத்தானோடு வரும் டிகிண்டருக்கு மாற்றி எழுதினோம். எக்ஸியும் நன்றாகச் சுருங்கியது. டெசராக்டுக்கும் அதன் தமிழ்த் தரவுக்கும் அப்பாச்சி 2.0 உரிமம், அது பயன்படுத்தும் லெப்டோனிக்கா லைப்ரரிக்கு பிஎஸ்டி உரிமம். அதோடு வந்த டிஎல்எல் (லைப்ரரிக் கோப்பு) கூட்டத்தில் பாங்கோ, கெய்ரோ போன்றவை பயிற்சிக் கருவிகளுக்கே வேண்டியவை, எழுத்தறிய வேண்டியதில்லை. அவற்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. மிஞ்சியவற்றின் உரிம உரைகள் ஒரே எக்ஸிக்குள் புதைந்துவிடாமல் வெளியே தனி ஃபோல்டரில் வைத்தோம்.

கருவிக்கு ஜிபிஎல் 3 என்று முடிவு செய்தபோது எங்கள் மூவரைத் தவிர இன்னொருவர் நினைவுக்கு வந்தார். ஆரம்பத்தில் படத்தை நேராக்கும் பகுதியை எழுதியவர், இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அவர் எழுதியதற்கு அவரே உரிமையாளர், நாங்களாக உரிமம் போட முடியாது. தொலைபேசியில் சொன்னதும் “இதுக்கெல்லாம் கேட்கணுமா” என்றார். மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லி வாங்கினோம். அந்த மின்னஞ்சலின் பிரதி மூலநிரலோடு இருக்கிறது.

எல்லாம் சேர்ந்து மூலநிரல் ஃபோல்டர் 3 ஜிபியைச் சற்றுத் தாண்டியது. 16 ஜிபி டிரைவில் அது ஒரு சுமையே அல்ல. டிரைவின் மேல்மட்டத்தில் ‘முதலில் படிக்க’ என்று ஒரு கோப்பு. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த உரிமம், மூலநிரல் எந்த ஃபோல்டரில், இதைப் பிரதி எடுத்து நீயும் கொடுக்கலாம், கொடுக்கும்போது அந்த ஃபோல்டரையும் சேர்த்துக் கொடு என்று தமிழில் எழுதினேன். உரிம உரைகளை மட்டும் ஆங்கில மூலத்திலேயே வைத்தோம். ஜிபிஎல்லுக்கு ஆங்கில உரையே அதிகாரபூர்வமானது, மொழிபெயர்ப்பு புரிந்துகொள்வதற்கு மட்டும். பிறகு எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்க்கும் தொகை எடுத்து ஒரு பட்டியலாக்கி, பிரதி எடுத்த ஒவ்வொரு டிரைவையும் அதோடு ஒப்பிட்டோம். ஒரு டிரைவில் மூன்று கோப்புகள் பொருந்தவில்லை. டிரைவே பழுது, மாற்றி வாங்கினோம்.

டிரைவ்களைக் கொடுத்த அன்று அந்த மாணவி தன்னுடையதைச் செருகி முதலில் மூலநிரல் ஃபோல்டரைத்தான் திறந்தாள். நோட்பேட்++-க்குள் போய், தமிழ் இடைமுகக் கோப்பைக் கண்டுபிடித்து, நான் திருத்திய சொற்களில் ஒன்று சரியில்லை என்றாள். அவள் சொன்னதே சரி. தேதி போட்டுத் திருத்தச் சொன்னேன்.

முன்பு கொடுத்த டிரைவ்களுக்கு என்ன செய்வது என்பது பாக்கி. பழைய மாணவர்களின் பட்டியலை எடுத்து, டிரைவோடு வந்தால் உள்ளிருப்பதை மாற்றித் தருகிறோம் என்று தகவல் சொல்லியிருக்கிறோம். இதுவரை ஒன்பது பேர் வந்தார்கள். லிப்ரெஆபிஸில் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. எக்ஸியையும் மூலநிரலையும் ஒரே நாளில், ஒரே ஆள் மாற்றுவது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். இந்த ஞாயிறு அது என் முறை.